நகராத கோடு

அன்புள்ள மலைவாசிக்கு,

நானும் அத்தையும் இங்கே இருக்கிறோம். 'நலம்' என்று எழுத வந்த பேனா நின்றுவிட்டது. உனக்குப் பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்றும் கேட்கப் போவதில்லை. கேட்டால் 'ம், இருக்கேன்' என்பாய். அதற்கு ஒரு தாளை வீணாக்குவானேன்?

உன் கடிதம் நேற்று சாயங்காலம் வந்தது. உங்கள் மலைக்கு டீசலும் காய்கறியும் ஏற்றிப் போகிற வேன்காரர் வீட்டுக்கே வந்து கொடுத்தார். செல்போன் கூடாது, மைக்ரோவேவ் அடுப்பு கூடாது, பெட்ரோல் வண்டியின் தீப்பொறிகூட உங்கள் ரேடியோ தொலைநோக்கியின் பெரிய தட்டின் காதில் விழுந்துவிடும் என்று சுற்றுவட்டாரம் முழுவதையும் வாயடைத்து வைத்திருக்கிறீர்கள். கம்பிவழி போன் ஒன்று இருக்கிறது, அதில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. மின்னஞ்சல் போட்டால் வேலைக்கு மட்டும் பதில் வருகிறது, அதையும் உங்கள் குழு மொத்தமும் படிக்கிறது. அதனால் காதலித்த காலத்தில் எழுதாத கடிதங்களையெல்லாம் தலை நரைக்கிற வயதில் எழுதிக்கொண்டிருக்கிறோம். அத்தை முன்னால் உன்னை 'நீங்க' என்றுதான் சொல்கிறேன். கடிதத்தில் அது வரமாட்டேன் என்கிறது. கல்லூரி ஆய்வகத்தில் பக்கத்து மேசையில் உட்கார்ந்துகொண்டு என் ஸ்க்ரூடிரைவரைத் திருடினவனுக்கு எங்கிருந்து மரியாதை எழுதுவது?

வேன்காரர் கடிதத்தை நீட்டும்போதே, "சார் இன்னிக்குச் சிரிச்சாரும்மா" என்றார். ஏதோ பரிசு விழுந்த செய்தியைச் சொல்வதுபோல் சொன்னார். நான் நம்பவில்லை. பிரித்துப் பார்த்தால் உண்மைதான். நம் மகள் வாலு நம்மை விட்டுப் போன பிறகு உன் எழுத்தில் முதல் தடவையாக ஒரு ஆச்சரியக்குறி பார்த்தேன். ஒன்று இல்லை, பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என்ன கண்டுபிடித்தாய் என்பது இரண்டாவது தடவை படிக்கும்போதுதான் மண்டையில் ஏறியது.

அத்தை விடுவாரா? "என்னம்மா எழுதியிருக்கான், சொல்லேன்" என்று அடுப்படி வரை பின்னாலேயே வந்தார். நட்சத்திரங்களுக்கு நடுவில் தூசியும் வாயுவுமாக மேகங்கள் இருக்கின்றன, அதற்குள் மூலக்கூறுகள் பம்பரம்போல் சுழல்கின்றன, அந்தச் சுழற்சி மாறும்போது ஒவ்வொரு வகையும் அலைவரிசையில் தனக்கே உரிய சில இடங்களில் மட்டும் ரேடியோ அலை விடும் என்றேன். அந்த இடங்களை நான் இங்கே கண்ணாடிக் குழாயில் வைத்து அளந்து அட்டவணை போட்டுத் தருகிறேன், உங்கள் பிள்ளை அதே இடங்களில் மேகத்தைக் கேட்டுப் பார்க்கிறார், நிறமாலையில் அந்தந்த இடத்தில் எல்லாக் கோடும் இருந்தால் அந்த மூலக்கூறு அங்கே இருக்கிறது என்று அர்த்தம் என்றேன். அத்தை யோசித்தார். "அப்போ நீ சாவி செஞ்சு கொடுக்கறே, அவன் பூட்டைத் தேடி அலையறான்" என்றார். நம் துறைத் தலைவருக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

என்ன கிடைத்தது என்று கேட்டார். சர்க்கரை என்றேன், மூன்று கார்பன் உள்ள சின்னச் சர்க்கரை. "சர்க்கரையா! அதுக்கு ஏன் அவ்வளவு தூரம் போகணும், என் ரத்தத்துலயே வேண்டியது இருக்கே, கேட்டா கொடுத்திருப்பேனே" என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரித்தோமே என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் தேய்க்கப் போய்விட்டார்.

இப்போது நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மேகம் நகரும் வேகத்தால் கோடுகள் தள்ளிப்போவதைக் கழித்துப் பார்த்தால் மற்ற கோடுகள் எல்லாம் என் அட்டவணையோடு பொருந்துகின்றன, ஆனால் எல்லாவற்றிலும் பலமாக இருக்க வேண்டிய கோடு மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கிறது என்கிறாய். 'உன் அளவில் சின்னப் பிசகு இருக்க முடியுமா பார்' என்கிறாய். எனக்கு மூக்கு மேல் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. உன்னோடு குடும்பம் நடத்துவதில் ஆயிரம் பிசகு செய்திருப்பேன். குழாயில் செய்ததில்லை. ஆனாலும் அந்தச் சர்க்கரை லேசில் பிடிபடுகிற சாமான் இல்லை. சூடு போதாவிட்டால் ஆவியாகாது, கொஞ்சம் கூடினால் சிதைந்துவிடும். நாங்கள் அளந்தபோது ஏதாவது நடந்திருக்கலாம். மறுபடி அளக்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தாயே, கட்டுரையின் முதல் பக்கத்தில் நம் வாலுவின் பெயரைப் போடுவதாக. உங்கள் குழுத் தலைவரம்மா சம்மதித்துவிட்டார், உலகத்தில் யார் இந்தச் சர்க்கரையைப் பற்றிப் பேசினாலும் அவள் பெயரைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று. எனக்கும் ஆசையாக இருக்கிறது.

குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. நீ போட்ட வாஷர்தான், வேறென்ன. கம்பளிச் சட்டை இன்னொன்று வேன்காரரிடம் கொடுத்திருக்கிறேன். போட்டுக்கொள், மடித்து வைக்காதே.

இப்படிக்கு,
உன் பக்கத்து மேசைக்காரி


அன்புள்ள உனக்கு,

அத்தை சௌக்கியம். முழங்காலுக்குப் புது மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அது வேலை செய்கிறது என்று மருந்துக்கடைக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார், டாக்டரிடம் சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் முழங்காலில் ஆரம்பித்தேன். நேராகச் சொல்லிவிடுகிறேன். அளந்துவிட்டேன். என் எண் சரியாக இருக்கிறது. கோடு நகரவில்லை.

முதலில் வைத்த தூள் கருகிவிட்டது. மாடிப்படி வரை கருகிய சர்க்கரை வாசனை. பக்கத்து ஆய்வகத்துக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன மேடம், பர்த்டேவா?" என்றார். கேட்ட பிறகு அவருக்கே நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இரண்டாவது தடவை சூட்டை எறும்பு நடையாக ஏற்றினேன். பம்பை மாற்றி, குழாயை மாற்றி, கடிகாரத்தைச் சரிபார்த்து அளந்தேன். யாரையும் பக்கத்தில் விடவில்லை. நகர வேண்டும், நகர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் அளந்தேன். என் வாழ்நாளில் நான் செய்த அளவு தப்பாகப் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வந்து அசையாமல் உட்கார்ந்துகொண்டது, சனியன்.

பிறகு உன் நிறமாலையைத் தலைவரம்மாவிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நீ காட்டுகிற அந்தத் தள்ளி நிற்கும் கோடு நம் சர்க்கரை இல்லை. மெத்தில் ஃபார்மேட் என்கிற வேறு மூலக்கூறு. நம் எல்லோர் உயிரையும் வாங்குகிற அதே களை. கொஞ்சம் சூடான மேகத்தில் அது எங்கெங்கோ தலை நீட்டும் என்பது உனக்குத் தெரியாதா? பழைய அட்டவணையில் தேடினேன், அந்த இடத்திலேயே அதற்கு ஒரு கோடு இருக்கிறது. நம் சர்க்கரை நிற்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் இரைச்சல். மற்றவை எல்லாம் பொருந்துகின்றனவே என்பாய். அவையெல்லாம் இரைச்சலிலிருந்து அரைத் தலை எட்டிப் பார்க்கிற கோடுகள். அவை பொருந்துகிற மாதிரி மேகத்தின் வேகத்தை நீ தேர்ந்தெடுத்திருக்கிறாய். களை மண்டிய தோட்டத்தில் எந்த விதையைத் தேடினாலும் இரண்டு இலை ஒத்துப்போகத்தான் செய்யும்.

மாநாடுகளில் எத்தனை பேரை நிற்க வைத்து, "அதெல்லாம் சரி, பலமான கோடு எங்கே?" என்று கேட்டிருக்கிறாய். சின்னப் பசங்க உனக்கு 'எங்கே சார்' என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். ஒரு கோடு வர வேண்டிய இடத்தில் வராவிட்டால் மற்ற நூறு கோடு இருந்தும் பிரயோஜனமில்லை என்று எனக்கே வகுப்பு எடுத்தவன் நீ. உனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் என்னைக் கேட்டிருக்கிறாய்.

ஒன்று சொல்கிறேன், கேள். ஒரு நாள் முழுக்க நான் அந்த எண்ணை மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒரே ஒரு இலக்கம். இந்தத் தூளைச் சிதையாமல் அளக்கத் தோதான குழாய் எங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. இன்னொருவர் செய்து சரிபார்க்கப் பத்து வருஷம் ஆகும். அதற்குள் நீ மேடையில் நின்று அவள் பெயரைச் சொல்லியிருப்பாய். சாப்பிட்டிருப்பாய், தூங்கியிருப்பாய், வீட்டுக்கு வந்திருப்பாய். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காக நான் எதை வேண்டுமானாலும் செய்வேன் என்றுதான் நினைத்தேன்.

அப்போது அந்த டாக்டர் பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது. உனக்கும் மறந்திருக்காது. கடைசி நாள் காலையில் வார்டு வாசலில் வந்து, ரத்த அணு ஏறியிருக்கு, பயப்படாதீங்க, ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய்க் குளிச்சுச் சாப்பிட்டு வாங்க என்றாள். நாம் கால் தரையில் பாவாமல் வீட்டுக்கு வந்தோம். நான் சமைத்தேன். வீட்டுத் தலையணை வேண்டும் என்று வாலு கேட்டிருந்தாளே, அதை நீ கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தாய். போன் வந்தது. அணு ஏறவே இல்லை என்பது நமக்கு அப்புறம்தான் தெரிந்தது. "உங்க முகத்தைப் பார்க்க முடியலைங்க, அதான் அப்படிச் சொல்லிட்டேன்" என்று அந்த டாக்டர் பெண் அழுதாள். அவள் கெட்டவள் இல்லை. நம் மேல் அவ்வளவு இரக்கம். அந்த இரக்கத்தால் நம் குழந்தை தன் கடைசிப் பகலை நாம் இல்லாமல் கழித்தது.

ஒரு நல்ல எண்ணைச் சொல்லி உன்னை அப்படி நான் அனுப்ப மாட்டேன். உனக்கு என் மேல் எவ்வளவு வெறுப்பு வந்தாலும் மாட்டேன். அதுவும் அவள் பெயரை வைத்துக்கொண்டு என்னால் முடியாது.

அளந்தது அளந்தபடி தலைவரம்மாவுக்கு இன்று காலை அனுப்பிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கை வந்திருக்காது. மாநாட்டில் அறிவிப்பதை நிறுத்திவிடுவார்கள் என்று நினைக்கிறேன். இந்தக் கடிதம் வருவதற்கு முன்பே உனக்குச் செய்தி வந்திருக்கும். யார் அனுப்பியது என்று நீ கேட்டிருக்கவே மாட்டாய்.

வேன்காரரிடம் நீ சாப்பிடுகிறாயா என்று பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன் மனைவி


அன்புள்ள என்னவனுக்கு,

உன் பதில் கிடைத்தது. நான்கு வரி. 'உனக்கு உன் எண்தான் பெரிசு. உலகத்தில் ஒரே ஒரு இடத்தில் அவள் பெயர் நிற்கட்டும் என்று கேட்டேன். அதையும் அழித்துவிட்டாய். இனி எழுதாதே.' மனப்பாடம் ஆகிவிட்டது பார். எழுதாதே என்றால் உடனே நிறுத்திவிடுவேன் என்று நினைத்தாயா? எத்தனை வருஷமாக என்னைத் தெரியும் உனக்கு?

திட்டினாயே என்று எனக்கு வருத்தமில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது. சவம்போல இருந்தவனுக்குக் கோபமாவது வந்ததே. வேன்காரர் சொன்ன மற்ற விஷயம்தான் என்னைத் தூங்க விடவில்லை. "சாப்பாட்டுத் தட்டு போன மாதிரியே திரும்பி வருதும்மா" என்றார். உன் முறை முடிந்தும் நீ இறங்கவில்லை, இன்னும் ஒரு வருஷம் மலையிலேயே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாய் என்றார். தலைவரம்மா நேற்று என்னைப் போனில் கூப்பிட்டார். அந்த மேகம் அடிவானத்தில் மறைகிற வரை தட்டை அதே பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, அதே இடத்தில் இன்னும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாயாம். கேட்கக் கேட்க இரைச்சல் குறையும், குறைந்தால் ஏதாவது தெரியும் என்று எல்லோரிடமும் சொல்கிறாயாம். அவருக்கு உன்னைத் தடுக்க மனசில்லை. "கொஞ்ச நாள் விட்டுப் பார்ப்போமே" என்றார். விடக் கூடாது என்றேன்.

அவள் பெயரை நான் அழித்தேன் என்கிறாய். இந்த வீட்டில் அந்தப் பெயரை யார் சொல்கிறார்கள்? அத்தை 'புள்ள' என்கிறார். மாடி வீட்டுக்காரர்கள் அவளைப் பற்றிப் பேச்சு வந்தால் தண்ணீர் வரவில்லை, கரண்ட் வரவில்லை என்று தாவிவிடுகிறார்கள். நான் வாலு என்கிறேன், இந்தக் கடிதத்தில்கூட. பெயரை எழுத இரண்டு தடவை முயன்றேன், இரண்டாவது எழுத்தைத் தாண்ட முடியவில்லை. பெயர் நிற்க வேண்டிய இடம் எங்கோ ஒரு பத்திரிகையின் முதல் பக்கம் என்று நீ நினைக்கிறாய். நம் இரண்டு பேர் வாயிலேயே அது நிற்கவில்லையே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இத்தனை நாள் தள்ளிப் போட்டேன்.

காலையில் அவளைப் பார்த்துக்கொண்டது நான். பல் தேய்த்துவிட்டேன் என்று பிரஷை மட்டும் நனைத்து வைத்துவிட்டு வருவாள். ஒரு காலுறையை மாட்டிக்கொண்டு அடுத்ததைத் தேடாமல் வீடெல்லாம் நொண்டியடிப்பாள். தலை பின்னும்போது ஊரில் உள்ள அத்தனை பேரின் குற்றத்தையும் என்னிடம் சொல்லி முடிப்பாள். அதெல்லாம் ஒன்றுவிடாமல் என்னிடம் இருக்கிறது.

சாயங்காலங்கள் என்னிடம் இல்லை. கட்டடம் அடங்கினால்தான் என் கருவி அடங்கும், அதனால் ஆய்வகத்திலிருந்து நான் வரும்போது அவள் தூங்கியிருப்பாள். சாப்பாடு ஊட்டியது நீ, தூங்க வைத்தது நீ. அத்தை அப்போது நம்மோடு இல்லை. தூங்குவதற்கு முன்னால் அவள் உன்னிடம் என்ன பேசுவாள்? நீ என்ன கதை சொல்வாய், அவள் அதை முடிக்க விடுவாளா? விளக்கை அணைக்கச் சொல்வாளா, வேண்டாம் என்பாளா? அம்மா எப்போ வருவா என்று கேட்பாளா? கேட்டால் நீ என்ன சொல்வாய்? எனக்கு ஒன்றுமே தெரியாது. தினமும் வந்து தூங்குகிற முகத்தைத்தான் பார்த்தேன். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம், நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்றே இருந்துவிட்டேன்.

அவள் பாதி என்னிடம் இருக்கிறாள், பாதி உன்னிடம் இருக்கிறாள். வேறு யாரிடமும் இல்லை, வேறு எங்கேயும் இல்லை. நீ அந்த மலையில் உட்கார்ந்து ஒன்றுமில்லாத இடத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தால், எனக்கு என் குழந்தை பாதிதான் கிடைப்பாள். அது நியாயமில்லை. உனக்கும் பாதிதான்.

வெள்ளிக்கிழமை வேன் இறங்குகிறது. வேன்காரரிடம் முன் சீட்டைக் காலியாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். கோபத்தோடேயே வா. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வா. ஒரு வாரம் பேசாவிட்டாலும் பரவாயில்லை, நானும் அத்தையும் எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம். என்றைக்கு உனக்கு வாய் வருகிறதோ அன்றைக்குச் சொன்னால் போதும். ஒரே ஒரு சாயங்காலத்தை மட்டும், ஆரம்பத்திலிருந்து, அவள் தூங்குகிற வரைக்கும் சொல். நான் குறுக்கே பேச மாட்டேன்.

காத்துக்கொண்டிருக்கும்,
அவள் அம்மா